இறகு எதற்காக வந்தது? எக்ஸாப்டேஷன் என்ற சொல்லும் அது கேட்கும் சான்றும்

ஆப்பிரிக்காவின் சதுப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் ஒரு கறுப்புக் கொக்கு, மீன் பிடிப்பதற்கு ஒரு தனி வழி வைத்திருக்கிறது. ஆழமில்லாத நீரில் சில அடி நடந்து நிற்கும். சட்டென்று இரண்டு சிறகுகளையும் முன்பக்கம் கொண்டுவந்து, இறகு நுனிகள் நீரைத் தொடும்படி வட்டமாகக் கவிழ்க்கும். தலை உள்ளே மறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு கறுப்புக் குடை நிற்பதுபோல் இருக்கும். சில நொடிகளில் சிறகை மடக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், மறுபடி கவிழ்க்கும். நிழலைத் தேடிச் சிறுமீன்கள் உள்ளே வருகின்றன என்பது ஒரு விளக்கம். நீர்ப்பரப்பில் வெயில் பட்டுக் கூசுவது நின்று உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிகிறது என்பது மற்றொன்று. எதுவானாலும், இந்தப் பறவைக்கு இரை தேடித் தரும் கருவியாகச் சிறகு இருக்கிறது. ஆனாலும் சிறகு குடை பிடிப்பதற்காகத் தோன்றியது என்று யாரும் சொல்வதில்லை; பறப்பதற்காகத் தோன்றியது என்போம். அந்தப் பதிலும் பாதிதான் சரி. சிறகிலுள்ள இறகு, பறவைகள் பறக்கத் தொடங்கும் முன்பே, பறக்க எந்த வழியும் இல்லாத விலங்குகளின் உடலில் இருந்தது. ஓர் உறுப்பு இன்று எதற்குப் பயன்படுகிறது என்பது ஒரு கேள்வி. அது எதனால் உண்டாயிற்று என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் எழுதிவிடும் பழக்கத்தைத் தடுப்பதற்காக 1982-ல் ஆங்கிலத்தில் ஒரு சொல் உருவாக்கப்பட்டது. அதுதான் எக்ஸாப்டேஷன்.

உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட். மற்றவர், அப்போது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் டிரான்ஸ்வால் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எலிசபெத் வெர்பா. பேலியோபயாலஜி என்ற ஆய்விதழில் வந்த கட்டுரையில் அவர்கள் தந்த இலக்கணம் எளிமையானது. உயிர் பிழைக்கவும் சந்ததி பெருக்கவும் இப்போது உதவுகிற பண்பாக இருக்கவேண்டும். ஆனால் இப்போதைய வேலைக்கென்று இயற்கைத் தேர்வு அதை உருவாக்கியிருக்கக் கூடாது. இதில் இரண்டு வகைகளை அவர்கள் பிரித்தார்கள். வேறொரு வேலைக்காக உருவாகி, பிறகு புதிய வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை ஒரு வகை. எந்த வேலைக்காகவும் உருவாகாமல், வேறொரு மாற்றத்தின் பக்கவிளைவாகச் சும்மா இருந்து, பின்னால் பயனுக்கு வந்தவை இன்னொரு வகை. இப்போதைய வேலைக்காகவே இயற்கைத் தேர்வு படிப்படியாகச் செதுக்கியதற்கு மட்டும் தகவமைப்பு என்ற பெயரை ஒதுக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். இலக்கணத்தின் இரு பகுதிகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். இப்போது பயனே இல்லாத பக்கவிளைவு எக்ஸாப்டேஷன் ஆகாது. பயன் இருந்தும் பிறப்பு வரலாறு தெரியாததையும் அப்படி அழைக்க முடியாது. இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

கருத்து புதிதல்ல என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட. பாலூட்டிக் குட்டிகளின் மண்டையோட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டாமல் இடைவெளியோடு இருக்கின்றன. பிரசவத்தின்போது தலை சற்று நெகிழ்ந்து வெளியே வர இது பெரிதும் உதவுகிறது. இதைப் பிரசவத்துக்கான தகவமைப்பு என்று சொல்லத் தோன்றும். ஆனால் உடைந்த முட்டையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்ற நிலையிலுள்ள பறவைக் குஞ்சுகளுக்கும் ஊர்வனவற்றின் குட்டிகளுக்கும் அதே இடைவெளிகள் உண்டே என்று டார்வின் உயிரினங்களின் தோற்றம் நூலிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். 1966-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ், தகவமைப்பு பற்றிய தம் புகழ்பெற்ற நூலில், உறுப்பின் பணி வேறு, அதிலிருந்து தற்செயலாகக் கிடைக்கும் விளைவு வேறு என்று கண்டிப்போடு பிரித்தார். பனியில் நடக்கும் நரி ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் பனி இறுகிப் பாதையாகும். நரிக்கு அது நன்மைதான். அதற்காக நரியின் பாதம் பனியை மிதித்து இறுக்கத் தோன்றியது என்று சொல்ல முடியாது என்பது அவருடைய எடுத்துக்காட்டு. முன்தகவமைப்பு என்ற பழைய கலைச்சொல்லும் புழக்கத்தில் இருந்தது. அப்படியானால் புதிய சொல் எதற்கு? முன்தகவமைப்பு என்ற சொல்லில், வரப்போவதை அறிந்து உறுப்பு முன்கூட்டியே தயாரானது போன்ற தொனி இருக்கிறது. இயற்கைத் தேர்வுக்கு முன்யோசனை கிடையாது என்று ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட்டுக்கொண்டுதான் உயிரியலாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பக்கவிளைவாக வந்து பயன்பட்டவற்றுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. வில்லியம்ஸின் பிரிவினையோ கருத்தாக இருந்ததே தவிர, அப்படிப்பட்ட பண்புகளுக்கு ஒரு பெயரைத் தரவில்லை. பெயர் இல்லாதது ஆய்வாளர்களின் பட்டியலில் ஏறாது என்று கூல்டும் வெர்பாவும் கவலைப்பட்டது நியாயமே.

இறகின் கதை இந்தச் சொல்லுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சோதனை. கூல்டும் வெர்பாவும் எழுதியபோது, இறகு முதலில் உடல் வெப்பத்தைக் காக்கவும் பூச்சிகளை வளைத்துப் பிடிக்கவும் உதவியிருக்கலாம் என்ற கருத்து அனுமானமாகத்தான் இருந்தது. 1861-ல் விவரிக்கப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறகுகள் ஏற்கெனவே இன்றைய பறவைகளின் இறகுகளைப் போலவே இருந்தன; அதற்கு முந்தைய நிலை எதுவும் கையில் இல்லை. 1996-ல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் புதைபடிவம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. கழுத்திலிருந்து முதுகு வழியாக வால் நுனிவரை மெல்லிய இழைகள் அதன்மேல் படிந்திருந்தன. தண்டும் தகடும் அற்ற, மயிர் போன்ற இழைகள். அவற்றை வைத்து எந்த விலங்கும் பறக்க முடியாது. 2010-ல் அந்த இழைகளுக்குள் நிறமித் துகள்களின் தடயங்களைக் கண்ட ஆய்வாளர்கள், அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்தன என்று கணித்தார்கள். 1998-ல் விவரிக்கப்பட்ட காடிப்டெரிக்ஸின் கையிலும் வாலிலும் தண்டும் தகடும் கொண்ட உண்மையான இறகுகளே இருந்தன, ஆனால் கை மிகக் குட்டை, பறக்கப் போதாது. 2012-ல் வந்த யூட்டைரானஸ் சுமார் 9 மீட்டர் நீளமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட வேட்டை விலங்கு. அதன் மேலும் இழைகள். வெப்பம் காத்தல், நிறம் காட்டுதல் ஆகியவற்றில் எது முந்தியது என்று இன்னும் வாதிக்கலாம். பறத்தல் முந்தவில்லை என்பதில் வாதத்துக்கு இடம் மிகக் குறைவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. லியாவோனிங் படிவங்கள் ஏறக்குறைய 12.5 கோடி ஆண்டு பழையவை. ஆர்க்கியாப்டெரிக்ஸோ சுமார் 15 கோடி ஆண்டு பழையது. பின்னால் வாழ்ந்த விலங்கை வைத்து முன்னால் நடந்ததை எப்படிச் சொல்வது? ஒரு படிவத்தின் வயது மட்டும் இதற்குப் பதிலாகாது. அந்த விலங்கின் குலம் பறவைக் குலத்திலிருந்து எப்போது பிரிந்தது என்பதே இங்கே கணக்கு. எளிய இழைகள் உள்ள குலங்கள் முன்பே கிளை பிரிந்தவை. தகடுள்ள இறகுகள் உள்ளவை பறவைக்கு நெருங்கிய கிளைகள். தண்டின் ஒரு பக்கம் குறுகியும் மறு பக்கம் அகன்றும் இருக்கும் சமச்சீரற்ற இறகு பெரும்பாலும் பறக்கும் குலங்களில் காணப்படுவது. அந்தச் சமச்சீரின்மைதான் காற்றைக் கிழித்து ஏற உதவுகிறது. ஆகவே இறகு என்ற ஒற்றைப் பெயரின் கீழ் பல கட்டங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இழை பறத்தலுக்காக வரவில்லை. தகடும் அதற்காக வந்ததாகத் தெரியவில்லை. சமச்சீரற்ற தகடு பறத்தலுக்காகவே செதுக்கப்பட்டது. இறகு எக்ஸாப்டேஷனா தகவமைப்பா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இறகின் எந்தப் பகுதி, எந்தக் கட்டத்தில் என்று கேட்டால் கிடைக்கும். இந்தச் சொல்லை உறுப்புக்குச் சூட்டும் பட்டமாக எடுத்துக்கொண்டதால்தான் இத்தனை சண்டைகள் வந்தன என்பது என் கணிப்பு. அது ஓர் உறுப்பின் வரலாற்றில் ஒரு படியைக் குறிக்கும் சொல். அப்படிக் கொண்டால் அதன்மேல் வைக்கப்படும் பெரிய மறுப்புகளுக்கு அது தாக்குப்பிடிக்கும்.

அவற்றில் மிகக் கூர்மையானது தத்துவவாதி டேனியல் டென்னட் 1995-ல் டார்வினின் அபாயகரமான கருத்து என்ற நூலில் வைத்தது. பரிணாமத்தில் எதுவும் சூனியத்திலிருந்து தோன்றுவதில்லை. எந்தத் தகவமைப்பையும் போதிய தூரம் பின்னோக்கித் தொடர்ந்தால் வேறு வேலை செய்த, அல்லது வேலையே செய்யாத ஒரு மூலத்தில் போய் நிற்கும். அப்படியானால் எல்லாத் தகவமைப்பும் எக்ஸாப்டேஷன்தான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. உறுப்பை மொத்தமாக வைத்துப் பேசும்வரை இந்த வாதத்தை அசைக்க முடியாது. ஆனால் மூலக்கூறு மட்டத்துக்கு இறங்கிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. கண்வில்லையை ஒளி ஊடுருவும்படி நிரப்பியிருப்பவை கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள். பார்வைக்கென்றே உருவான சிறப்புப் புரதங்கள் என்றுதான் முன்பு அவற்றை எண்ணினார்கள். 1980-களில் கிரேம் விஸ்டோ, ஜோராம் பியாட்டிகோர்ஸ்கி ஆகியோரின் ஆய்வுகள் வேறு கதை சொல்லின. வாத்தின் கண்ணிலுள்ள எப்சைலான் கிரிஸ்டலின் என்பது லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற சாதாரண வளர்சிதைமாற்ற நொதி. ஒத்த நொதி என்ற அளவில் நிற்கவில்லை; அதே மரபணுவிலிருந்து வரும் அதே புரதம். உடலின் மற்றத் திசுக்களில் நொதியாக வேலை செய்வது, கண்வில்லையில் குவியலாகச் சேர்ந்து ஒளியை வளைக்கிறது. பறவைகளிடமும் ஊர்வனவற்றிடமும் உள்ள டெல்டா கிரிஸ்டலின், அர்ஜினின் தயாரிப்பில் பங்குகொள்ளும் வேறொரு நொதியிலிருந்து வந்தது. கினிப் பன்றிக்கு ஒரு நொதி, யானை மூஞ்சூறுக்கு இன்னொன்று, கணவாய்க்கு மற்றொன்று. கைக்குக் கிடைத்த, நீரில் நன்றாகக் கரையும், எளிதில் கெடாத புரதம் எதுவோ அது கண்ணுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

டென்னட்டுக்குப் பதில் இந்த விவரத்தில் இருக்கிறது. வாத்தின் கண்வில்லையில் இரண்டு பொருள்களைத் தனித்தனியே காட்ட முடிகிறது. புரதத்தின் வடிவம் நொதி வேலைக்காகச் செதுக்கப்பட்டது. கண்ணில் அது அப்படியே பயன்படுகிறது. இது எக்ஸாப்டேஷன். கண்வில்லைச் செல்களில் அந்த மரபணுவைப் பலமடங்கு வேலை செய்யவைக்கும் கட்டுப்பாடு, கண்ணுக்காக வந்த மாற்றம். இது தகவமைப்பு. கோழியிடம் கதை இன்னொரு படி நகர்ந்திருக்கிறது. டெல்டா கிரிஸ்டலினின் மரபணு இரண்டாகப் பெருகி, ஒன்று நொதி வேலையைத் தொடர, மற்றது கண்வில்லைக்கே உரியதாகி நொதித்திறனை இழந்துவிட்டது. எல்லாத் தகவமைப்பும் பழைய சரக்கிலிருந்தே வருகிறது என்பது சரிதான். ஆனால் பழைய சரக்கு மாறாமல் பயன்பட்ட கட்டம் எது, மாறத் தொடங்கிய கட்டம் எது என்பதை இங்கே ஆய்வகத்தில் அளந்து காட்ட முடிகிறது. அளந்து காட்டக்கூடிய வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் இருப்பது வீண் ஆடம்பரம் ஆகாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. கடந்தகாலத்தில் ஓர் உறுப்பு என்ன வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? தெரியாததைச் சார்ந்து ஒரு சொல்லை வரையறுத்தால் அது வெறும் ஊகத்துக்குப் பெயர் சூட்டுவதாகிவிடாதா? பல உறுப்புகளுக்கு இது பொருந்தும். ஆனால் வரலாற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பது மிகை. நம் நடுச்செவியிலுள்ள சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் ஊர்வனவற்றின் தாடை மூட்டிலுள்ள இரண்டு எலும்புகளுக்கு இணையானவை என்று ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரைஹெர்ட் 1837-லேயே, டார்வினின் நூல் வருவதற்கு 22 ஆண்டுகள் முன்பு, கருக்களை ஆராய்ந்து காட்டினார். பழைய மூட்டும் புதிய மூட்டும் ஒரே தாடையில் சேர்ந்திருந்த மோர்கனுகோடான் போன்ற சிறு விலங்குகளின் படிவங்கள் பின்னர் கிடைத்தன. 2007-ல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட யானோகோனோடானில், செவி எலும்புகள் செவிக்குரிய வடிவத்தைப் பெற்ற பிறகும் ஒரு குருத்தெலும்பால் தாடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இன்றும் பைப்பாலூட்டிகளின் குட்டி பிறக்கும்போது அந்த எலும்புகள் தாடையோடு இணைந்தே இருக்கின்றன. வளர வளரப் பிரிகின்றன. கருவியல், படிவம், உயிருள்ள விலங்கு என்று ஒன்றையொன்று சாராத மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும்போது அதை ஊகம் என்று ஒதுக்க முடியாது.

சான்று இல்லாமல் கதை சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு டார்வினே உதாரணம். மீன்களை நீரில் மிதக்கவைக்கும் காற்றுப்பைதான் பிறகு நில விலங்குகளின் நுரையீரலாயிற்று என்று அவர் எழுதினார். ஓர் உறுப்பு வேலை மாறும் என்ற அவர் கொள்கை சரி, திசைதான் தவறு. நுரையீரல் மீன்களையும் எலும்புமீன்களின் பழைய குலங்களையும் ஒப்பிட்டதில் நுரையீரலே முந்தையது, காற்றுப்பை அதிலிருந்து பிறந்தது என்று தெரிந்தது. அதாவது எக்ஸாப்டேஷன் என்று ஒருவர் சொல்வது ஒரு கூற்று. அது பொய்யாகவும் போகலாம். கூல்ட்-வெர்பா கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் ஒன்றுக்கே இந்தச் சோதனை வந்தது. பெண் புள்ளிக் கழுதைப்புலியின் பாலுறுப்பு வெளித்தோற்றத்தில் ஆண் உறுப்பைப் போலவே இருக்கும். கூட்டத்தில் சந்திக்கும்போது ஒன்றையொன்று முகர்ந்து அறிய அது பயன்படுகிறது. பெண்ணின் உடலில் ஆண் ஹார்மோன் கூடியதன் பக்கவிளைவே அந்த உறுப்பு, பிறகுதான் அது பயனுக்கு வந்தது என்று அவர்கள் எழுதினார்கள். பின்னாளில் பெர்க்லியில் வளர்க்கப்பட்ட கழுதைப்புலிகளில், கருவுற்ற தாய்க்கு அந்த ஹார்மோனின் செயலைத் தடுக்கும் மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பெண்குட்டிகளிடம் உறுப்பின் வடிவம் ஓரளவு மாறியதே ஒழிய, உறுப்பு இல்லாமல் போகவில்லை. ஹார்மோன் மட்டுமே காரணம் என்ற எளிய கதை இதோடு ஆட்டங்கண்டது. இதை அந்தச் சொல்லுக்கு நேர்ந்த தோல்வியாகச் சிலர் காண்பார்கள். ஆனால் தோற்றம் பற்றிய கூற்றைத் தனியாகப் பிரித்துச் சொன்னதால்தான் அதைச் சோதித்துத் தள்ள முடிந்தது. இன்றைய பயனை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் சோதிக்க அங்கே எதுவும் இருந்திருக்காது.

எந்த வேலைக்காகவும் உருவாகாத வகையை நிறுவுவது இன்னும் கடினம். 1979-ல் கூல்ட், ரிச்சர்ட் லெவொன்டினுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வெனிஸ் நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தைக் காட்டினார்: வளைவுகள்மேல் குவிமாடத்தை ஏற்றினால் நடுவே முக்கோண வடிவில் இடங்கள் தவிர்க்கமுடியாமல் உண்டாகும்; அவற்றில் அழகிய ஓவியம் இருப்பதால் ஓவியத்துக்காகவே அந்த இடம் விடப்பட்டது என்று எண்ணக்கூடாது என்று. உடலில் இதற்கு ஐயமற்ற நிகர்களைக் காட்டுவது எளிதாக இல்லை. மரபணுத்தொகுதியில் இதற்கு நெருங்கிய ஒன்று கிடைத்திருக்கிறது. மனிதக் கருவைத் தாயின் கருப்பையோடு இணைக்கும் நஞ்சுக்கொடியின் வெளிப்படலம், செல்கள் ஒன்றோடொன்று கலந்து உருவாவது. அந்தக் கலப்பில் பங்கேற்கும் சின்சைட்டின் என்ற புரதம், நம் முன்னோரின் மரபணுத்தொகுதிக்குள் எப்போதோ நுழைந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ் ஒன்றின் உறைப்புரதம் என்று 2000-ல் தெரியவந்தது. வைரஸிடம் அதன் வேலை, செல்லின் சவ்வோடு கலந்து உள்ளே நுழைவது. எலியிடம் இதே வேலையைச் செய்வது முற்றிலும் வேறு வைரஸிலிருந்து வந்த புரதம். அதற்குரிய மரபணு ஒன்றை நீக்கினால் கரு உயிர்பிழைப்பதில்லை. வைரஸைப் பொறுத்தவரை அது ஒரு தகவமைப்பு. நம் குலத்தைப் பொறுத்தவரை யாரும் கேட்காமல் வந்து சேர்ந்த சுமை. யாருடைய வரலாறு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வகைப்பாடே தடுமாறும் என்பதை இது காட்டுகிறது.

உயிரியலுக்கு வெளியே இந்தச் சொல் சென்ற பாதையில் ஆதாயமும் உண்டு, நட்டமும் உண்டு. 1990-ல் மொழியியலாளர் ரோஜர் லாஸ் இதை மொழி மாற்றத்துக்கு எடுத்துக்கொண்டார். டச்சு மொழியில் பெயர்ச்சொல்லின் பாலோடு தொடர்புடைய பெயரடை ஈறு, பால் வேறுபாடே அழிந்துபோன ஆப்ரிக்கான்ஸ் மொழியில் மறையாமல், பெயரடையின் சொல்வடிவைப் பொறுத்து வரும் ஈறாக மாறியது என்பது அவருடைய எடுத்துக்காட்டு. பழைய வேலையும் புதிய வேலையும் எழுத்துச் சான்றில் இருப்பதால் இந்தக் கடன் தகும். ரேடார் மேக்னட்ரானிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு வந்ததையும் எக்ஸாப்டேஷன் என்று எழுதும் பொருளியல் கட்டுரைகள் உள்ளன. அங்கே சொல் தன் வேலையை இழக்கிறது. ஒரு கருவிக்கு வேறு பயன் இருப்பதைக் கண்டு, யோசித்து, திருத்தி அமைப்பவர் மனிதர். முன்யோசனை இல்லாமல் பயன் மாறுவது எப்படி என்ற, இந்தச் சொல்லைப் பிறப்பித்த சிக்கலே அங்கே எழுவதில்லை.

வாசிப்பு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. மிகச் சமீபகாலம்வரை மனிதர்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்க அறியாதவர்கள். வாசிப்புக்கென மூளையில் ஒரு பகுதியை இயற்கைத் தேர்வு செதுக்க இந்தக் காலம் போதாது. ஆனாலும் எந்த எழுத்தைக் கற்றவராக இருந்தாலும், வாசிக்கும்போது பெரும்பாலும் இடது மூளையின் பின் அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரே இடம் இயங்குகிறது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை நரம்பு மறுசுழற்சி என்று தனிப்பெயரால் அழைக்கிறார்; மாற்றம் நிகழ்வது கற்கும் குழந்தையின் மூளையில், மரபணுவில் அல்ல என்பது அதற்குக் காரணம். அவருடைய எச்சரிக்கையை ஏற்கலாம். அதற்காக எக்ஸாப்டேஷன் என்ற சொல்லை முழுதாகக் கைவிடவேண்டியதில்லை. கோடுகள் கூடும் மூலைகளையும் பொருள்களின் வடிவங்களையும் பிரித்தறியும் பார்வைத்திறன் நமக்குப் பிறப்பிலேயே வருவது. எழுத்துக்கு வெகுகாலம் முன்பே உருவானது. வாசிப்பில் அது பயன்படும் அளவுக்கு, அந்தத் திறனுக்கு மட்டும், இந்தப் பெயர் பொருந்தும். ஒரு குழந்தை பள்ளியில் அந்தத் திறனின்மேல் கட்டிக்கொள்ளும் எழுத்தறிவுக்கு, குறிப்பிட்ட ஓர் எழுத்துமுறையின் வளைவுகளைக் கண்ட நொடியில் ஒலியாக மாற்றும் அந்தத் தேர்ச்சிக்கு, அது பொருந்தாது.